காசும் கொடுத்து குண்டும் வாங்கிய சீனா

தோற்ற நாட்டிடம் வசூலித்த நஷ்ட ஈட்டில் ஜப்பான் ஒரு கடற்படையைக் கட்டியது. அந்தக் கப்பல்களே பின்னர் சீன நதிகளில் நங்கூரமிட்டு நின்றன. கப்பல்கள் போய்விட்டன. பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன.

அது ஒரு சனிக்கிழமை. 1937 ஆகஸ்ட் 14. ஷாங்காய் நகரத்தின் மேல் புயல் காற்றும் தாழ்ந்த மேகமும். நகரின் சீனப் பகுதிகளில் முந்தைய நாள் சண்டை மூண்டிருந்தது. மூட்டை முடிச்சுகளுடன் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சூசோ ஓடையின் பாலங்களைக் கடந்து, வெளிநாட்டவர் நிர்வகித்த சர்வதேசக் குடியிருப்புக்குள் வந்து குவிந்திருந்தன. அங்கே குண்டு விழாது என்ற நம்பிக்கை.

மாலை நான்கரை மணி வாக்கில் சீன விமானங்கள் வந்தன. அவற்றின் இலக்கு சற்றுத் தள்ளி, ஹுவாங்பு நதியில் இருந்தது. ஜப்பானிய தூதரக அலுவலகத்தின் எதிரே, மூன்று புகைபோக்கிகளுடன் ஒரு கிழட்டுப் போர்க்கப்பல். பெயர் இஸுமோ. சீனக் கடல்களிலும் நதிகளிலும் இருந்த ஜப்பானியக் கப்பல்களுக்கெல்லாம் தலைமைக் கப்பல்.

குண்டுகள் கப்பல் மேல் விழவில்லை. நான்ஜிங் சாலையில் கேத்தே, பாலஸ் என்ற இரண்டு ஆடம்பர ஹோட்டல்களுக்கு நடுவே விழுந்தன. சில நிமிடங்களில் 'கிரேட் வேர்ல்ட்' என்ற கேளிக்கை அரங்கத்தின் முன்னால் வேறு குண்டுகள். அகதிகளுக்கு அங்கேதான் சோறும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாலையில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் சாதாரண ஜனங்கள். கொன்றது அவர்களுடைய சொந்த நாட்டு விமானம்.

எப்படி நேர்ந்தது? இரண்டு விளக்கங்கள் உண்டு. எதிரியின் சூட்டில் சேதமடைந்த கொக்கிகளிலிருந்து குண்டுகள் தாமாகவே கழன்று விழுந்தன என்பது ஒன்று. மேகத்துக்குக் கீழே இறங்கிப் பறந்த விமானிகள், அதற்கேற்பக் குறிபார்க்கும் கருவியை மாற்றவில்லை என்பது மற்றொன்று. எதுவானாலும் விளைவு ஒன்றுதான். பிணங்களை லாரிகளில் அள்ளிக்கொண்டிருந்தபோது இஸுமோ நின்ற இடத்திலேயே நின்றது.

இரண்டு நாள் கழித்து ஒரு சீன டார்பிடோ படகு இருட்டில் நெருங்கி வந்து மறுபடி முயன்றது. அதுவும் பலிக்கவில்லை. நாற்பதாண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய கப்பலை மூழ்கடிக்க சீனா ஏன் இவ்வளவு துடித்தது? அது எதிரியின் தலைமைக் கப்பல் என்பது உடனடிக் காரணம். இன்னொரு காரணம் பழைய கணக்குப் புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் கப்பலைக் கட்டிய திட்டத்துக்குப் பணம் கொடுத்தது சீனா.

தோல்வியின் விலை

கதை தலைகீழாகத்தான் தொடங்குகிறது. 1880களில் பயந்தது ஜப்பான், பயமுறுத்தியது சீனா. ஜெர்மனியின் ஸ்டெட்டின் தளத்தில் கட்டிய டிங்யுவான், ஜென்யுவான் என்ற இரண்டு கவசக் கப்பல்கள் சீனாவின் பெயாங் கப்பல் அணியில் இருந்தன. ஆசியாவில் அவற்றுக்கு ஈடான கப்பல் ஜப்பானிடம் இல்லை. 1886 ஆகஸ்டில் அவை நாகசாகி துறைமுகத்துக்கு வந்தன. கரையிறங்கிய சீன மாலுமிகளுக்கும் உள்ளூர் போலீசாருக்கும் கைகலப்பு ஏற்பட்டு இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஜப்பான் அந்த அவமானத்தை மறக்கவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் இரு நாடுகளும் நடந்துகொண்ட விதம் ஒரு பாடப் புத்தகத்தில் இடம்பெற வேண்டியது. 1893ல் பேரரசர் மெய்ஜி அரண்மனைச் செலவைக் குறைத்து ஆண்டுக்கு 3 லட்சம் யென் கடற்படைக்குக் கொடுத்தார். அரசு அதிகாரிகளின் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது. சீனாவிலோ ராஜமாதா சிக்ஸியின் அறுபதாவது பிறந்த நாளுக்காக பெய்ஜிங்கின் கோடை அரண்மனை அழகாகிக்கொண்டிருந்தது. கடற்படைப் பணம் எவ்வளவு அங்கே போனது என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் தகராறு உண்டு. போனது என்பதில் இல்லை. அரண்மனை ஏரிக் கரையில் ஒரு சலவைக்கல் படகு இன்றும் நிற்கிறது. நகராத அந்தப் படகைத்தான் சீனர்கள் அந்தக் காலத்தின் அடையாளமாகக் காட்டுவார்கள்.

1894 செப்டம்பர் 17. யாலு நதி முகத்துவாரத்துக்கு அப்பால் இரு அணிகளும் மோதின. மாலைக்குள் சீனா ஐந்து கப்பல்களை இழந்தது. ஜப்பான் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஜப்பானியக் கப்பல்கள் வேகமானவை. விரைவாகச் சுடும் பீரங்கிகள் கொண்டவை. எஞ்சிய சீனக் கப்பல்கள் வெய்ஹைவெய் துறைமுகத்துக்குள் ஒடுங்கின. 1895 பிப்ரவரியில் குளிர்கால இரவுகளில் ஜப்பானிய டார்பிடோ படகுகள் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து தாக்கின. சீனத் தளபதி டிங் ரூசாங் அபினைத் தின்று உயிரை விட்டார். ஜென்யுவான் ஜப்பானின் கைக்குப் போனது. அதன் நங்கூரங்களை டோக்கியோவின் உவெனோ பூங்காவில் காட்சிக்கு வைத்தார்கள். சீனா அவற்றைத் திரும்பப் பெற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1895 ஏப்ரல் 17ல் ஷிமோனோசெகி ஒப்பந்தம். தைவான் ஜப்பானுக்கு. யாங்சே நதியில் சோங்சிங் வரை ஜப்பானியக் கப்பல்கள் போகலாம். நஷ்ட ஈடு 20 கோடி டேல் வெள்ளி. லியாவ்டுங் தீபகற்பத்தையும் ஜப்பான் எடுத்துக்கொண்டது. ரஷ்யா, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் மிரட்டியதால் திருப்பிக் கொடுத்தது. அதற்கு ஈடாக இன்னும் 3 கோடி டேல்.

சீனாவிடம் அவ்வளவு பணம் கிடையாது. முதலில் ரஷ்ய, பிரெஞ்சு வங்கிகளிடமும், பிறகு பிரிட்டிஷ், ஜெர்மன் வங்கிகளிடமும் கடன் வாங்கியது. சுங்க வருமானம் அடமானம். பணம் லண்டனில் பவுனாகக் கைமாறியது. ஜப்பான் அதன் பெரும் பகுதியை ராணுவத்துக்கும் கடற்படைக்கும் ஒதுக்கியது. ஆறு பெரிய போர்க்கப்பல்கள், ஆறு கவசக் குரூசர்கள் என்பது திட்டம். போர்க்கப்பல்கள் ஆறும் பிரிட்டனில் கட்டப்பட்டன. குரூசர்களில் நான்கு பிரிட்டனில், ஒன்று ஜெர்மனியில், ஒன்று பிரான்சில். சீனா கடன் வாங்கிக் கொடுத்த பணம் ஐரோப்பாவின் கப்பல் கட்டும் தளங்களுக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த ஆறு குரூசர்களில் ஒன்றுதான் இஸுமோ. நியூகாசிலில் ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனி கட்டியது. 1899ல் நீரில் இறங்கி 1900ல் முடிந்தது. எடை சுமார் 9,700 டன். எட்டு அங்குல பீரங்கிகள் நான்கு. 1905ல் சுஷிமா யுத்தத்தில் ரஷ்யக் கப்பல்களை நொறுக்கிய அணியில் அதுவும் இருந்தது.

கடனோ தொடர்ந்துகொண்டிருந்தது. 1898ல் வாங்கிய கடைசிக் கடனின் தவணைக் காலம் 45 ஆண்டு; அதாவது 1943 வரை. ஷாங்காயில் சீன விமானங்கள் இஸுமோவைத் தேடிப் பறந்த நாளிலும், அதைக் கட்ட உதவிய நஷ்ட ஈட்டுக்கான கடன் அடைபடவில்லை.

எம்டன் போன துறைமுகம்

சீன நீரில் ஜப்பானின் அடுத்த பெரிய அடி 1914ல். அதற்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஷான்டுங் கரையில் உள்ள சிங்டாவ் அப்போது ஜெர்மனியின் தளம். முதல் உலகப் போர் வெடிக்கும் தறுவாயில் அங்கிருந்து கிளம்பிய ஒரு குரூசர், செப்டம்பர் 22ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதுதான் எம்டன். தமிழில் ஆளுக்குப் பட்டப்பெயராகவே நிலைத்துவிட்ட கப்பல்.

எம்டன் வங்காள விரிகுடாவில் வேட்டையாடிக்கொண்டிருந்தபோது, அதன் தாய்த்துறைமுகத்தை ஜப்பானியக் கப்பல்கள் அடைத்து நின்றன. வாகாமியா என்ற கப்பலிலிருந்து கிளம்பிய கடல் விமானங்கள் சிங்டாவ் மீது குண்டு வீசின. கப்பலை நம்பி விமானத் தாக்குதல் நடத்தும் கலையின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று சீனக் கரையில்தான் அரங்கேறியது. நவம்பர் 7ல் சிங்டாவ் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து கோகோஸ் தீவுகளுக்கு அருகே எம்டனின் கதையும் முடிந்தது.

ஜெர்மனியிடமிருந்து பிடித்த துறைமுகத்தை ஜப்பான் சீனாவிடம் கொடுக்கவில்லை. வெர்சாய் மாநாடும் ஜப்பானுக்கே அதைக் கொடுத்தது. 1919 மே 4ல் பெய்ஜிங் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நவீன சீன தேசியத்தின் பிறந்த நாள் என்று இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான். 1922ல் சிங்டாவ் சீனாவிடம் திரும்பியது. ஆத்திரம் தணியவில்லை.

பாதுகாப்புக்கு வந்தவர்கள்

அதே 1919ல் யாங்சே நதியில் ரோந்து சுற்றுவதற்கென ஜப்பான் ஒரு தனி அணியை ஏற்படுத்தியது: முதலாவது கடல்கடந்த கப்பல் அணி. யாங்சே 6,300 கிலோமீட்டர் நீளமுள்ள நதி. கோடை வெள்ளத்தில் கடல் கப்பல்கள் சுமார் 1,000 கிலோமீட்டர் உள்ளே, ஹாங்கோவ் வரை போகும். அதற்கு மேல் அடி தட்டாத பீரங்கிப் படகுகள் வேண்டும். அவற்றில் சில ஜப்பானில் கட்டி, பிரித்துக் கொண்டுவந்து, சீனாவிலேயே பூட்டப்பட்டவை.

இதில் ஜப்பான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் எல்லோருடைய பீரங்கிப் படகுகளும் அந்த நதியில் சுற்றின. எல்லோரும் சொன்ன காரணமும் ஒன்றே: 'எங்கள் குடிமக்களையும் வியாபாரத்தையும் பாதுகாக்க வந்தோம்.' ஒரு வேற்று நாட்டின் பீரங்கிப் படகு கங்கையில் பாட்னா வரை இஷ்டப்படி வந்துபோவதை நினைத்துப் பார்த்தால் சீனர்களின் மனநிலை புரியும்.

ஷாங்காயின் ஹாங்கியூ பகுதியில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள் இருந்தார்கள். 1931ல் ஜப்பானிய ராணுவம் மஞ்சூரியாவைப் பிடித்ததும் சீனர்கள் ஜப்பானியச் சரக்குகளைப் பகிஷ்கரித்தார்கள். தெருச் சண்டைகள் மூண்டன. 1932 ஜனவரி 28 இரவு, கப்பல் அணியின் தளபதி ஷியோஸாவா தன் கரையிறங்கும் வீரர்களை ஜாபெய் பகுதிக்குள் அனுப்பினார். சில மணி நேரத்தில் முடியும் என்பது அவர் கணக்கு. சீனாவின் 19வது ரூட் ஆர்மி ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது.

நோட்டோரோ என்ற கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் நெருக்கமான குடியிருப்புகள் மேல் குண்டு வீசின. சீனாவின் மிகப் பெரிய பதிப்பகமான கமர்ஷியல் பிரஸ் எரிந்தது. பிப்ரவரி முதல் நாள் அதன் கீழைத்தேய நூலகமும் எரிந்தது. நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் போயின. அவற்றில் பல வேறெங்கும் கிடைக்காத பழம் பிரதிகள். யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்த 1981ஐ மறக்காத தமிழ் வாசகர்களுக்கு அந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை.

சண்டைக்கு நடுவே, பிப்ரவரியில், மூன்றாவது கப்பல் அணி உருவானது. இஸுமோ தலைமைக் கப்பலாக ஷாங்காய் வந்தது. தளபதி வைஸ் அட்மிரல் நோமுரா கிச்சிசாபுரோ. ஏப்ரல் 29ல், பேரரசர் பிறந்த நாள் விழா மேடை மீது யுன் போங்கில் என்ற கொரிய இளைஞர் குண்டு வீசினார். நோமுராவின் ஒரு கண் போனது. அருகே இருந்த தூதர் ஷிகெமிட்சுவின் ஒரு கால் போனது. அந்த மேடையைச் சரித்திரம் விடவில்லை. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது வாஷிங்டனில் ஜப்பானியத் தூதராக இருந்தவர் நோமுரா. 1945 செப்டம்பரில் மிசௌரி கப்பலில் மரக்காலுடன் ஏறி ஜப்பானின் சரணாகதியில் கையெழுத்திட்டவர் ஷிகெமிட்சு.

கடல் வாசல் அடைப்பு

ஐந்தாண்டு கழித்து முழு யுத்தம் வந்தபோது சீனக் கடற்படை வித்தியாசமான ஒரு முடிவெடுத்தது. ஜப்பானியக் கப்பல்கள் யாங்சேயில் ஏறிவந்து தலைநகர் நான்ஜிங்கைத் தொட்டுவிடக் கூடாது. அதற்காக ஜியாங்யின் என்ற குறுகலான இடத்தில் தன் பழைய கப்பல்களையே மூழ்கடித்து நதியை அடைத்தது. அந்தத் தடுப்பைக் காவல் காத்த நிங்ஹாய், பிங்ஹாய் என்ற இரண்டு புதிய குரூசர்களை செப்டம்பரில் ஜப்பானிய விமானங்கள் வீழ்த்தின. இதில் நிங்ஹாய் ஜப்பானிலேயே, ஹாரிமா தளத்தில் கட்டி வாங்கிய கப்பல். பிங்ஹாயும் அதே வரைபடத்தில் ஷாங்காயில் கட்டியது. ஜப்பானியர்கள் இரண்டையும் தூக்கி நிறுத்திப் பெயர் மாற்றித் தம் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1944ல் அமெரிக்கர்கள் இரண்டையும் மறுபடி மூழ்கடித்தார்கள்.

1937 ஆகஸ்ட் 25ல் தளபதி ஹசெகாவா கியோஷி கடல் முற்றுகையை அறிவித்தார். செப்டம்பரில் அது ஏறக்குறைய முழுச் சீனக் கரைக்கும் விரிந்தது. அக்டோபரில் எல்லா அணிகளையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்து 'சீனப் பிராந்தியக் கப்பல் அணி' உருவானது. ஒரு நாட்டின் கரைக்கென்றே தனிக் கடற்படைத் தலைமை.

டிசம்பர் 13ல் நான்ஜிங் வீழ்ந்தது. தடுப்பைத் தாண்டி வந்த ஜப்பானியக் கப்பல்கள் ஷியாகுவான் படித்துறையை எட்டின. தெப்பங்களிலும் கதவுப் பலகைகளிலும் தொற்றிக்கொண்டு நதியைக் கடக்க முயன்றவர்கள் மேல் சுட்டன. நகருக்குள் ராணுவம் செய்த படுகொலை உலகறிந்தது. நதி வழித் தப்பும் பாதையை அடைத்தது கடற்படை. முந்தைய நாள் கடற்படை விமானங்கள் பனாய் என்ற அமெரிக்கப் பீரங்கிப் படகையும் மூழ்கடித்திருந்தன. தவறுதலாக நடந்தது என்று மன்னிப்புக் கேட்ட ஜப்பான், அமெரிக்காவுக்கு 22 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுத்தது. நஷ்ட ஈடு வாங்கியே பழகிய கடற்படைக்கு அது புது அனுபவம்.

1938 அக்டோபரில் வூஹான் வீழ்வதற்கு முந்தைய நாள், ஜோங்ஷான் என்ற சீனப் பீரங்கிக் கப்பலை விமானங்கள் தாக்கின. கேப்டன் சா ஷிஜுன் உட்படப் பலர் கப்பலோடு போனார்கள். ஜோங்ஷான் சாதாரணக் கப்பல் அல்ல. 1922ல் குவாங்ஜோவில் கலகம் வெடித்தபோது சீனக் குடியரசின் தந்தை சன் யாட் சென் வாரக்கணக்கில் அடைக்கலம் புகுந்தது அதில்தான். அவர் பெயரைத்தான் பிறகு அதற்கு வைத்தார்கள். அதைக் கட்டியது எங்கே? நாகசாகியில், மிட்சுபிஷி தளத்தில். 1997ல் நதி அடியிலிருந்து தூக்கப்பட்ட அந்தக் கப்பல் இன்று வூஹானில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

அஸ்ஸாம் வரை நீண்ட முற்றுகை

கரை முழுவதும் கைக்கு வந்தும் ஜப்பான் ஜெயிக்கவில்லை. காரணம், யாங்சேயின் அமைப்பு. 1940 ஜூனில் யிச்சாங் வரை வந்த ஜப்பானியர்களுக்கு மேலே மலையிடுக்குகள். அதற்கப்பால் புதிய தலைநகர் சோங்சிங். ஷிபாய் என்ற வளைவில், கப்பல்களிலிருந்து கழற்றிய பீரங்கிகளைப் பாறை மேல் நிறுத்தி, கப்பலில்லாத சீன மாலுமிகள் காத்திருந்தார்கள். நீரில் கண்ணிவெடிகளை மிதக்க விட்டார்கள். கப்பல் போக முடியாத இடத்துக்கு ஜப்பானியக் கடற்படை விமானங்களை அனுப்பியது. சோங்சிங் ஆண்டுக்கணக்கில் எரிந்தது. பின்னர் உலகமே அஞ்சிய ஜீரோ போர் விமானம் முதல் சண்டை போட்டது 1940 செப்டம்பர் 13ல், அந்த நகரத்தின் வானில்தான்.

கடல் வாசல் அடைபட்டதன் விளைவுகள் இந்தியா வரை நீண்டன. காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்கள் - அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி - 1938 செப்டம்பரில் குவாங்ஜோ வழியாகச் சீனாவுக்குள் நுழைந்தார்கள். அடுத்த மாதமே அந்த வாசலும் ஜப்பானியர் கையில். சீனாவுக்குச் சாமான்கள் போக பர்மா சாலை ஒன்றே பெரிய வழியானது. 1942ல் பர்மாவும் விழுந்ததும், அஸ்ஸாமின் விமானத் தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டி விமானங்கள் பறக்க வேண்டியிருந்தது. லெடோவிலிருந்து காடு வெட்டிப் போட்ட சாலை 1945ல்தான் திறந்தது. ஷாங்காயில் பூட்டிய கதவுக்கு மாற்று வழியைத் தின்சுகியா பக்கத்துக் காடுகளில் தேடினார்கள்.

1941 டிசம்பர் 8 அதிகாலை. பேர்ல் ஹார்பர் செய்தி வந்த கையோடு, ஷாங்காயில் எஞ்சி நின்ற இரண்டு மேலை நாட்டுப் பீரங்கிப் படகுகளை ஜப்பானியர்கள் நெருங்கினார்கள். அமெரிக்காவின் வேக் சண்டையின்றிப் பிடிபட்டது. பிரிட்டனின் பெட்டரலில் அறுபது வயது தாண்டிய கமாண்டர் சரணடைய மறுத்தார். இஸுமோவும் மற்ற கப்பல்களும் சுட்டன. சிறிய படகு சில நிமிடங்களில் எரிந்து மூழ்கியது. நியூகாசிலில் பிரிட்டிஷ் தொழிலாளிகள் கட்டிய கப்பல், பிரிட்டிஷ் மாலுமிகள் மேல் சுட்டு அந்த நதியில் வெள்ளையர் பீரங்கிப் படகுகளின் காலத்தை முடித்துவைத்தது.

அதன் பிறகு பசிபிக் எல்லாவற்றையும் விழுங்கியது. நல்ல கப்பல்களும் தேர்ந்த விமானிகளும் அங்கே போனார்கள். சீனாவில் மிஞ்சியது ரோந்துப் படகுகளும் கரைப் படைகளும். தாயகம் திரும்பிப் பயிற்சிக் கப்பலாகிவிட்ட இஸுமோவை 1945 ஜூலையில் குரே அருகே அமெரிக்க விமானங்கள் கவிழ்த்தன. செப்டம்பர் 9ல் நான்ஜிங்கில் நடந்த சரணாகதிச் சடங்கில் சீனப் பிராந்தியக் கப்பல் அணியின் கடைசித் தளபதி ஃபுகுடா ரியோஸோ வந்து உட்கார்ந்தார்.

சீனாவுக்கு இம்முறை பணமாக நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. எஞ்சிய ஜப்பானியக் கப்பல்களை வெற்றி பெற்ற நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. போர் முழுவதும் தப்பிப் பிழைத்த அதிர்ஷ்டக் கப்பல் என்று பெயர் பெற்ற யுகிகாஸே 1947ல் சீனாவின் பங்கில் வந்தது. ஆனால் உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கோடு அது தைவானுக்குப் போய்விட்டது. டான்யாங் என்ற பெயரில், கம்யூனிஸ்ட் சீனாவை எதிர்த்து, அதே கடலில் ரோந்து சுற்றியது.

பெயரில் என்ன இருக்கிறது?

2013 ஆகஸ்ட் 6. யோகோஹாமாவில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் கட்டியவற்றில் மிகப் பெரிய போர்க்கப்பல் நீரில் இறங்கியது. நீளம் 248 மீட்டர். ஹெலிகாப்டர் தாங்கி என்றார்கள். பெயர்: இஸுமோ.

ஜப்பானில் இஸுமோ ஒரு பழைய மாகாணத்தின் பெயர். புகழ்பெற்ற ஒரு ஷின்டோ கோயில் இருக்கும் ஊர். பெரிய கப்பல்களுக்கு மாகாணங்களின் பெயர் வைப்பது அங்கே வழக்கம். எவரையும் சீண்டும் நோக்கமில்லை என்று ஒரு ஜப்பானியர் மனதாரச் சொல்லலாம். ஆனால் ஷாங்காயில் அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான். செங்காகு தீவுகளை, சீனா தியாவ்யூ என்று உரிமை கோரும் அதே தீவுகளை, ஜப்பானிய அரசு விலைக்கு வாங்கி ஓராண்டுகூட ஆகாத சமயம் வேறு. அந்தத் தீவுகளை ஜப்பான் தன் எல்லையில் சேர்த்தது 1895 ஜனவரியில், வெய்ஹைவெய் வீழ்வதற்குச் சில வாரங்கள் முன்பு. 2018ல் இஸுமோவிலிருந்து எஃப்-35பி போர் விமானங்கள் இயங்கும்படி மாற்ற ஜப்பான் முடிவு செய்தது. 2021ல் அமெரிக்க விமானங்கள் அதில் இறங்கிக் காட்டின.

இந்தப் பெயர்க் கணக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இன்றைய ஜப்பானின் கடற்படை, தாக்குவதைத் தடை செய்யும் அரசியல் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. எண்ணிக்கையில் சீனக் கடற்படையே இப்போது உலகில் பெரியது. செங்காகுவைச் சுற்றி அனேகமாகத் தினமும் சுற்றுபவை சீன ரோந்துக் கப்பல்கள். அவர்களும் சொல்வது 'எங்கள் உரிமையைப் பாதுகாக்க வந்தோம்' என்றுதான். அந்த வாக்கியத்தை 1932ல் ஷாங்காய் கேட்டிருக்கிறது. இம்முறை சொல்பவர் மாறியிருக்கிறார்.

பகையைத் தவிர வேறெதுவும் சாத்தியமில்லை என்றும் இல்லை. 2008 ஜூனில் ஸாஸநாமி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் தென் சீனாவின் ஜான்ஜியாங் துறைமுகத்துக்குள் நுழைந்தது. போருக்குப் பின் ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் சீனாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. அதில் சிச்சுவான் பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்கான நிவாரணப் பொருட்கள் இருந்தன. சீன மாலுமிகள் வாத்தியம் முழங்க வரவேற்றார்கள்.

2017 ஜூலையில் 'மலபார்' கூட்டுப் பயிற்சிக்காக இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் சென்னைக்கு வந்தன. ஒன்று இஸுமோ. மற்றொன்று ஸாஸநாமி. எம்டன் சுட்ட அதே கரையில் அவற்றுக்கு உற்சாக வரவேற்பு.

2024 செப்டம்பர் 25ல் ஸாஸநாமி மறுபடி செய்தியில் அடிபட்டது. ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துக் கப்பல்களுடன் சேர்ந்து அது தைவான் ஜலசந்தியைக் கடந்து சென்றது. போருக்குப் பின் ஜப்பானியக் கடற்படை அந்த வழியே போனது அதுவே முதல் முறை என்று ஜப்பானியப் பத்திரிகைகள் எழுதின. சீனா கண்டனம் தெரிவித்தது.

கம்பளி கொண்டுபோனதும் அந்தக் கப்பல்தான். கண்டனம் வாங்கியதும் அந்தக் கப்பல்தான். கப்பலுக்குச் சொந்தமாக ஒரு புத்தி கிடையாது. எதை ஏற்றிக்கொண்டு எங்கே போக வேண்டும் என்பதைக் கரையில் இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அவர்கள் தவறாக முடிவு செய்த நாட்களில் குண்டு எங்கே விழும் என்பதை, 1937ல் ஒரு சனிக்கிழமை மாலை சோற்றுக்காக வரிசையில் நின்றவர்கள் தெரிந்துகொண்டார்கள்.